அமெரிக்க நர்சிங் ஹோமில் அம்மா, அப்பா: மெடிகேர் மருந்து விதிகளில் உள்ள தளர்வுகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதன் மருந்துக் காப்பீடான பார்ட் டியில் வீட்டில் வசிக்கும் முதியவருக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் பலவும் நர்சிங் ஹோமில் வசிப்பவருக்குத் தளர்த்தப்பட்டிருக்கின்றன. இல்லத்தில் சேரும் நாளில் "இன்னும் நாள் ஆகவில்லை" என்று மருந்தை மறுக்க முடியாது. காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்தையும் தற்காலிகமாகத் தந்தாக வேண்டும். திட்டத்தை மாற்ற வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், எந்த மாதமும் மாற்றலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டும் சேர்ந்திருந்தால் கோ-பே, அதாவது மருந்து வாங்கும்போது நாம் கட்டும் பங்கு, பூஜ்யம். எல்லாமே விதிகளில் எழுதியிருப்பவைதான். ஆனாலும் இவற்றில் பல தானாக நடப்பதில்லை. யாராவது கேட்க வேண்டும், அதையும் சரியான பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நர்சிங் ஹோம்களுக்கு மருந்து அனுப்பும் ஒரு மருந்தகத்தில், காப்பீட்டு கிளெய்ம்களை (மருந்துக்குப் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளை) பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது நம்மவர்களுக்கு மனதை அறுக்கும் முடிவு என்பது எனக்குத் தெரியும். ஊரில் என்ன பேசுவார்களோ என்ற உறுத்தலில் பலர் இல்லத்தின் அலுவலகத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்காதீர்கள். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அம்மாவின் மாத்திரை ஒரு வேளை தவறாமல் கிடைப்பதற்கு உதவும்.

இது யாருக்குப் பொருந்தும்?

நர்சிங் ஹோம் அல்லது ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டியில் (மருத்துவமனைக்குப் பிறகு தேர்ந்த நர்ஸ் பராமரிப்பு தரும் இடத்தில்) தங்கியிருப்பவருக்குப் பொருந்தும். அசிஸ்டட் லிவிங்கில் இருப்பவருக்கு இந்தத் தளர்வுகளில் பெரும்பாலானவை கிடையாது. அங்கும் அறை உண்டு, சாப்பாடு உண்டு, மாத்திரை கொடுக்க ஆள் உண்டு. ஆனால் பார்ட் டியின் கணக்கில் அது வீடுதான். அசிஸ்டட் லிவிங்கில் மெடிகெய்டின் வெய்வர் திட்டத்தில் (நர்சிங் ஹோமுக்குப் போகாமலே பராமரிப்பு தரும் திட்டத்தில்) சேவை பெறுபவருக்குக் கோ-பே பூஜ்யமாகும் சலுகை மட்டும் பொருந்தலாம். ஆகவே அம்மா இருக்கும் இடத்தின் உரிமம் எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வளாகத்தில் இரண்டு வகையும் இருக்கும் இடங்கள் நிறைய. மாடி மாறினால் விதியும் மாறிவிடும்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோர் என்றால், வேலை செய்து வரி கட்டிய கணக்கு இங்கே இல்லாவிட்டாலும், 65 வயதும் தொடர்ந்து 5 ஆண்டுச் சட்டபூர்வ நிரந்தர வசிப்பும் ஆனபின் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு), பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளி சேவைக் காப்பீடு) இரண்டில் ஒன்று இருந்தாலே பார்ட் டியில் சேர முடியும். மெடிகெய்டுக்கும் பொதுவாக 5 ஆண்டுக் காத்திருப்பு உண்டு. அதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இருப்பதால் உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 1: இன்றைய தேதியில் மருந்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனையில் உள்நோயாளியாகக் குறைந்தது 3 நாள் இருந்துவிட்டு ஸ்கில்டு நர்சிங்குக்கு வந்தால், அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரின் பார்ட் ஏ ஒரு பெனிஃபிட் காலத்தில் (நாட்களை எண்ணும் ஒரு சுற்றில்) 100 நாள் வரை பொறுப்பேற்கும். முதல் 20 நாள் முழுவதும் இலவசம். 21ஆம் நாளிலிருந்து தினசரிப் பங்கு உண்டு, 2026இல் அது நாளுக்கு 217 டாலர். இந்தக் காலம் முழுவதும் மருந்துச் செலவு பார்ட் ஏ இல்லத்துக்குக் கொடுக்கும் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சில கீமோதெரபி மருந்துகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, மருந்துக்கென்று தனியாக பில் வரக் கூடாது. பார்ட் டிக்கு இதில் வேலையே இல்லை. "மருந்து விலை அதிகம், வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்" என்று இல்லத்தில் யாராவது சொன்னால், "பார்ட் ஏ ஸ்டே தானே இது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்காமல் 'அப்சர்வேஷன்' என்று கவனிப்பில் மட்டும் வைத்திருந்த நாட்கள் அந்த 3 நாள் கணக்கில் வராது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பல இந்த 3 நாள் நிபந்தனையையே விட்டுவிடுகின்றன.

பார்ட் ஏ முடியும் நாளில் எல்லாம் மாறுகிறது. அம்மா அதே கட்டிலில்தான் படுத்திருப்பார், அதே நர்ஸ்தான் மாத்திரை கொடுப்பார். ஆனால் அன்றிலிருந்து அறைக்கும் பராமரிப்புக்கும் சொந்தப் பணம் அல்லது மெடிகெய்டு, மருந்துக்குப் பார்ட் டி. அதுவரை எந்தத் தடையும் இல்லாமல் வந்துகொண்டிருந்த மாத்திரை மறுநாள் "பட்டியலில் இல்லை" என்று திரும்பி வருவது இதனால்தான். பார்ட் ஏ முடியப்போவதாக நோட்டீஸ் வந்ததும், அந்தக் கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, மருந்துப் பட்டியலை வாங்கி, பார்ட் டி திட்டத்தின் ஃபார்முலரியோடு (திட்டம் ஏற்கும் மருந்துகளின் பட்டியலோடு) ஒத்துப் பாருங்கள். அந்த ஒரு மாலை நேர வேலை பின்னால் வரும் பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

படி 2: சேர்ந்ததும் கேட்டு வாங்க வேண்டிய தாள்

இல்லம் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் 'பேஸ்லைன் கேர் பிளான்' என்ற தொடக்கப் பராமரிப்புத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அதன் சுருக்கத்தை உங்களுக்குத் தர வேண்டும், அதில் மருந்துகளின் விவரமும் இருக்க வேண்டும். இது கூட்டாட்சி விதி. கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பட்டியலை வீட்டில் அம்மா சாப்பிட்டுவந்த மருந்துகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வந்த மாத்திரைகள் அலமாரியில் இருக்கும், அம்மாவுக்கும் அந்தப் பெயர்கள்தான் தெரியும். எக்கோஸ்பிரின், தைரோநார்ம், கிளைக்கோமெட் என்று சொன்னால் இங்குள்ள நர்ஸுக்கு ஒன்றும் புரியாது. ஆஸ்பிரின், லெவோதைராக்சின், மெட்ஃபார்மின் என்று மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக் கொடுங்கள். கிளைக்கோமெட் ஜிபி போன்ற கூட்டு மாத்திரை என்றால் அதில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று பிரித்து எழுதுங்கள். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் இங்கே தனித்தனி மாத்திரைகளாகத்தான் வரும். பிரிக்காமல் எழுதினால் ஒன்று விட்டுப்போய் சர்க்கரை ஏறிவிடும்.

சூரணம், லேகியம், அஸ்வகந்தா மாத்திரை எதுவானாலும் டாக்டரின் ஆர்டர் இல்லாமல் இல்லத்தில் கொடுக்க மாட்டார்கள். தலையணைக்கு அடியில் வைத்து ரகசியமாகக் கொடுக்க வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு இது உண்மையான ஆபத்து. கொடுக்க விரும்பினால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

படி 3: கிளெய்மில் அம்மாவின் வசிப்பிடம் சரியாக இருக்கிறதா?

மருந்தகத்திலிருந்து காப்பீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கிளெய்மிலும் நோயாளி எங்கே வசிக்கிறார் என்பதற்கு ஓர் எண் உண்டு. 1 என்றால் வீடு. 3 என்றால் நர்சிங் ஃபெசிலிட்டி. 4 என்றால் அசிஸ்டட் லிவிங். திட்டத்தின் கணினி அம்மாவை இல்லவாசியாக அடையாளம் காண்பது முக்கியமாக இந்த எண்ணை வைத்துத்தான். அங்கே 1 என்று இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லும் தளர்வுகள் பல வேலை செய்யாது. கிளெய்ம் மறுக்கப்படும், யாருக்கும் காரணம் புரியாது.

பெரும்பாலும் இது சரியாகத்தான் இருக்கும். ஆனால் இல்லத்தின் ஒப்பந்த மருந்தகத்தை விட்டு, பழக்கத்தால் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே மருந்து வாங்கிக் கொடுக்கும் குடும்பங்களில் இந்த எண் தவறுகிறது. அசிஸ்டட் லிவிங்கிலிருந்து அதே வளாகத்தின் நர்சிங் பிரிவுக்கு மாறியவர்களுக்கும் தவறுகிறது. ஏதாவது மருந்து மறுக்கப்பட்டால் மருந்தகத்தின் பில்லிங் பிரிவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பேஷண்ட் ரெசிடென்ஸ் கோட் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

படி 4: "ரீஃபில் டூ சூன்" என்று வந்தால்

அப்பா வீட்டில் இருந்தபோது 30 நாளுக்கான எலிக்விஸ் (ரத்தத்தை இளக்கும் மருந்து) வாங்கியிருக்கிறீர்கள். பத்தாம் நாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனை, பிறகு இல்லம். பழைய பாட்டில் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. இல்லத்தின் மருந்தகம் புதிதாக அனுப்ப முயலும்போது திரையில் 79 என்ற மறுப்பு எண் வருகிறது: மறுபடி வாங்க இன்னும் காலம் ஆகவில்லை.

மெடிகேரின் வழிகாட்டுதல் இங்கே தெளிவாக இருக்கிறது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேரும்போதும் அங்கிருந்து வெளியே போகும்போதும், இந்த 'சீக்கிரம்' தடையைக் காட்டி ஒருவருக்குத் தேவையான மருந்தைத் தடுக்கக் கூடாது. இதைத் திட்டத்துக்குத் தெரிவிக்க மருந்தகம் கிளெய்மில் 18 என்ற விளக்கக் குறியீட்டைச் சேர்த்து மறுபடி அனுப்பலாம். 'புதிதாக அல்லது மறுபடியும் இல்லத்தில் சேர்ந்தவர்' என்பது அதன் பொருள். அதற்கும் கணினி மசியவில்லை என்றால் மருந்தகம் திட்டத்தின் உதவி எண்ணை அழைத்து ஓவர்ரைடு (தடையை நீக்கும் அனுமதி) கேட்க வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டிய சொற்கள் "லெவல் ஆஃப் கேர் சேஞ்ச்". இந்த நான்கு சொற்களும் காதில் விழுந்தால் மறுமுனையில் இருப்பவருக்கு எந்த விதியைப் பேசுகிறோம் என்பது பிடிபட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை மாலையில் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படுபவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. முடிந்தால் சேரும் நாளன்றே, மாலைக்குள், இல்லத்தின் நர்ஸிடம் "எல்லா மருந்தும் மருந்தகத்தில் கிளியர் ஆனதா, எது நிற்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். அவசரத்துக்கு இல்லத்தில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். அதிலிருந்து முதல் வேளைகளைக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

படி 5: பட்டியலில் இல்லை, முன் அனுமதி வேண்டும் என்று வந்தால்

மறுப்பு எண் 70 என்றால் மருந்து காப்பீட்டில் இல்லை. 75 என்றால் பிரயர் ஆதரைசேஷன், அதாவது முன் அனுமதி தேவை. 76 என்றால் அளவு வரம்பைத் தாண்டியது. நர்ஸ் "இன்ஷூரன்ஸ் மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த எண் என்று கேளுங்கள். அடுத்து செய்ய வேண்டியதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

உடனடித் தீர்வு தற்காலிக மருந்து. திட்டத்தில் சேர்ந்த முதல் 90 நாளுக்குள், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்து பட்டியலில் இல்லாவிட்டாலும் முன் அனுமதி தேவைப்பட்டாலும், குறைந்தது ஒரு மாதத்துக்கானதைத் திட்டம் தர வேண்டும். இதற்கு 'ட்ரான்ஸிஷன் ஃபில்' என்று பெயர். வீட்டில் இருப்பவருக்கும் இது உண்டு. ஆனால் இல்லவாசிக்கு ஒரு படி மேலே, அந்த 90 நாள் கடந்த பிறகும், விதிவிலக்கு கேட்டு முடிவுக்காகக் காத்திருக்கும்போது அவசரகால மருந்தாக இன்னொரு மாத அளவு உண்டு. 'எல்டிசி எமர்ஜென்சி சப்ளை' என்று கேட்க வேண்டும் (எல்டிசி என்பது நீண்டகாலப் பராமரிப்பு). இப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் ஊழியருக்கும் சில நேரம் தெரிவதில்லை. பொறுமையாக மேலாளரிடம் மாற்றச் சொல்லுங்கள்.

தற்காலிக மருந்து கொடுத்த 3 வேலை நாளுக்குள் திட்டம் ஒரு கடிதம் அனுப்பும். அது பெரும்பாலும் பழைய வீட்டு முகவரிக்குப் போய், விளம்பரக் கடிதங்களோடு கிடக்கும். அந்தக் கடிதம்தான் காலக்கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அடுத்த ஒரு மாதத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: டாக்டர் பட்டியலில் உள்ள மருந்துக்கு மாற்ற வேண்டும், அல்லது விதிவிலக்கு கேட்க வேண்டும்.

விதிவிலக்குக் கோரிக்கைக்கு உயிர்நாடி டாக்டரின் ஆதரவுக் கடிதம். "இந்த மருந்து தேவை" என்று ஒற்றை வரி எழுதினால் பயனில்லை. பட்டியலில் உள்ள மாற்று மருந்துகளில் எதை முயன்றோம், அது ஏன் பலிக்கவில்லை அல்லது என்ன பக்க விளைவு தந்தது, இனி முயன்றால் என்ன கெடுதல் வரும் என்று பெயரோடு இருக்க வேண்டும். அப்பாவுக்கு முன்பு எந்த மருந்தில் கால் வீங்கியது, எதில் தலைசுற்றி விழுந்தார் என்பது இல்லத்தின் டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கடிதம் திட்டத்தின் கையில் கிடைத்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். காத்திருந்தால் உடல்நிலை பாதிக்கும் என்று டாக்டர் குறிப்பிட்டால் 24 மணி நேரம். கடிதம் போகாதவரை கெடிகாரம் ஓடாது. இல்லத்தின் டாக்டர் தினமும் வருபவர் இல்லை. முதல் 90 நாளில் 30 நாளுக்கு ஒருமுறையும் அதன்பின் 60 நாளுக்கு ஒருமுறையும் பார்ப்பதுதான் விதி கேட்கும் குறைந்தபட்சம். ஆகவே டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். அவரோடு வேலை செய்யும் நர்ஸ் பிராக்டிஷனர் அடிக்கடி வருவார், மருந்து எழுதும் அதிகாரம் உள்ளவர் என்பதால் அவரே இந்தக் கடிதத்தை அனுப்பலாம்.

மறுத்தால் மேல்முறையீடு. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 65 நாள் அவகாசம். திட்டம் 7 நாளில், அவசரமென்றால் 72 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். அங்கும் மறுத்தால் திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத வெளி அமைப்பு பரிசீலிக்கும். முதல் மறுப்போடு நின்றுவிடாதீர்கள். முதலில் போன கடிதத்தில் விவரம் போதாமல் மறுக்கப்பட்டு, விவரத்தோடு மறுபடி போனபோது கிடைத்ததை நான் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.

படி 6: வலி மருந்து

இதை மட்டும் தள்ளிப்போடாமல் முதல் நாளே கவனியுங்கள். வலியில் இருப்பவர் காகிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலி மருந்துகளுக்குப் பார்ட் டியில் கடுமையான தடைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு 7 நாளுக்கு மேல் தருவதில்லை என்பது அவற்றில் ஒன்று. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் வசிப்பவர்களுக்கு அந்தத் தடைகளிலிருந்து விலக்கு உண்டு. ஹாஸ்பிஸில் (வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பில்) இருப்பவர்களுக்கும் புற்றுநோய் வலிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் அப்படியே. படி 3இல் சொன்ன வசிப்பிட எண் இங்கே மிக முக்கியம்.

மருந்துச் சீட்டு விதியிலும் தளர்வு இருக்கிறது. ஆக்சிகோடோன், மார்ஃபின் போன்ற இரண்டாம் அட்டவணை (கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட) மருந்துகளுக்குச் சாதாரணமாக ஃபேக்ஸில் வந்த சீட்டு செல்லாது. இல்லவாசிக்கு எழுதிய சீட்டின் ஃபேக்ஸை மூலச் சீட்டாகவே மருந்தகம் ஏற்கலாம் என்று போதைப்பொருள் தடுப்புத் துறையான டிஇஏயின் விதி அனுமதிக்கிறது. அதே சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, எழுதிய நாளிலிருந்து 60 நாள் வரை மருந்து தரவும் முடியும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு மின்னணுச் சீட்டு கட்டாயம் என்ற மெடிகேர் விதியிலும், இல்லவாசிகளுக்கான சீட்டுகளைக் கணக்கில் எடுப்பது 2028 ஜனவரி 1 வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்று மாறவில்லை: சீட்டில் டாக்டரின் கையெழுத்து வேண்டும். இல்லத்தின் சார்ட்டில் ஆர்டர் எழுதியிருப்பது மட்டும் மருந்தகத்துக்குப் போதாது. "ஆர்டர் இருக்கிறது, மருந்து வரவில்லை" என்று நர்ஸ் சொன்னால், "கையெழுத்திட்ட சீட்டு மருந்தகத்துக்குப் போனதா?" என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே, அங்குள்ள டாக்டரிடம் முதல் சில நாளுக்கான வலி மருந்துக்குக் கையெழுத்திட்ட சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

படி 7: கோ-பே பூஜ்யமாவது எப்படி?

மெடிகேரோடு முழு மெடிகெய்டும் இருந்து, இல்லத்தில் தங்கும் செலவை மெடிகெய்டு ஒரு முழு காலண்டர் மாதம் ஏற்றால், பட்டியலில் உள்ள பார்ட் டி மருந்துகளுக்குக் கோ-பே கிடையாது. மார்ச் 10இல் மெடிகெய்டு தொடங்கினால் ஏப்ரல்தான் முதல் முழு மாதம், ஏப்ரல் 1 முதல் பூஜ்யம்.

இந்தத் தகவல் மாநிலத்திலிருந்து மெடிகேருக்கும் அங்கிருந்து திட்டத்துக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். அதுவரை மருந்தக பில் வந்துகொண்டே இருக்கும். இல்லத்தின் பில்லிங் அலுவலகத்தில், அந்த மாதம் மெடிகெய்டு பணம் கட்டியதைக் காட்டும் ரெமிட்டன்ஸ் தாள் ஒன்றின் நகலை வாங்கித் திட்டத்துக்கு அனுப்புங்கள். 'பெஸ்ட் அவெய்லபிள் எவிடன்ஸ்' என்ற விதிப்படி திட்டம் அதை ஏற்றுத் தன் கணினியைத் திருத்த வேண்டும். ஏற்கெனவே கட்டிய தொகையும் திரும்ப வரும், முழுத் தகவல் கிடைத்த 45 நாளுக்குள் இந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். இதற்கிடையில் மருந்தகத்திடம் மெடிகெய்டு நிலுவையில் இருப்பதைச் சொல்லி, கோ-பேயை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

மெடிகெய்டு கிடைத்தும் பார்ட் டி திட்டமே இல்லாதவருக்கு எல்ஐ நெட் (LI NET) என்ற தற்காலிகத் திட்டம் இருக்கிறது. மருந்தகம் அன்றைக்கே அதில் பில் போட முடியும். மெடிகெய்டு இல்லாதவர்களுக்கு, பார்ட் டி மருந்துகளுக்குக் கைப்பணம் 2026இல் 2,100 டாலரைத் தாண்டாது.

பாராசிட்டமால் (இங்கே டைலனால்), மலமிளக்கி போன்ற சீட்டில்லா மருந்துகளைப் பார்ட் டி தராது. மெடிகேரோ மெடிகெய்டோ செலவை ஏற்கும் இல்லவாசிக்கு இவற்றை இல்லமே தர வேண்டும், தனியாகக் காசு கேட்கக் கூடாது. இந்த வரி பில்லில் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

பில்லில் ஒரே மருந்து மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை வந்தால் பதற வேண்டாம். பிராண்டு மாத்திரைகளை இல்லவாசிகளுக்கு 14 நாளுக்கு மேல் ஒரே தடவையில் தரக் கூடாது என்பது 2013 முதல் உள்ள விதி. மருந்து மாறும்போது மீதி வீணாகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

படி 8: திட்டத்தை மாற்றலாமா?

வீட்டில் இருப்பவர் திட்டத்தை மாற்ற, அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையான காலம் வரும்வரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும். இல்லவாசி எந்த மாதமும் மாற்றலாம், அடுத்த மாதம் முதல் தேதி புதுத் திட்டம் தொடங்கும். இல்லத்தை விட்டுக் கிளம்பிய பிறகும் 2 மாதம் இந்த உரிமை உண்டு. மூன்று, நான்கு மருந்துகளுக்குத் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருந்தால் திட்டத்தை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. மெடிகேர் தளத்தில் மருந்துப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். இல்லத்தின் மருந்தகம் அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். அப்பாவின் பழைய அலுவலகத்துக் காப்பீடு தொடர்கிறது என்றால் கையெழுத்திடும் முன் அங்கே விசாரியுங்கள். தனியாகப் பார்ட் டியில் சேர்ந்தால் சில இடங்களில் அந்தக் காப்பீடு போய்விடும், மறுபடி கிடைக்காது.

தளராத விதிகள்

இல்லவாசிக்குச் சில விதிகள் இன்னும் இறுக்கமானவை. அவை அம்மாவைக் காப்பதற்காக. 'தேவைப்பட்டால் கொடு' என்று எழுதிய மனநல மருந்து 14 நாளோடு முடியும். நீட்டிக்க டாக்டர் காரணம் எழுத வேண்டும். ஆன்டிசைக்காட்டிக் வகை (கடும் மனநோய்க்கான மருந்து) என்றால் நேரில் பார்க்காமல் புதுப்பிக்கவே முடியாது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் கட்டமிட்ட எச்சரிக்கையே இருக்கிறது. ஆங்கிலம் மறந்துபோய் தமிழில் மட்டும் பேசும் அம்மா, தண்ணீர் கேட்டுக் கத்துவதைக் கலவரம் என்று எடுத்துக்கொண்டு இந்த மருந்து தொடங்கப்படலாம். தொடங்கும் முன் உங்களிடம் விளக்கம் சொல்லி ஒப்புதல் கேட்கச் சொல்லுங்கள், மறுக்கவும் உரிமை உண்டு. தண்ணீர், வலி, கழிப்பறை, பசி என்ற சொற்களைத் தமிழ் உச்சரிப்பும் ஆங்கிலப் பொருளுமாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவையுங்கள்.

மாதம் ஒருமுறை மருந்தாளர் ஒருவர் ஒவ்வொருவரின் மருந்துகளையும் மறுபார்வை செய்ய வேண்டும் என்பதும் விதி. அவர் என்ன பரிந்துரைத்தார் என்று கேர் பிளான் கூட்டத்தில் கேளுங்கள்.

உங்களோடு பேச மறுத்தால்

திட்டத்தை நீங்கள் அழைத்தால் "உறுப்பினரோடு மட்டும்தான் பேசுவோம்" என்பார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்து, அவர் வாயாலேயே சம்மதம் சொன்னால் அந்த அழைப்பு வரை பேச முடியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக இணைப்பார்கள். நீண்டகாலத்துக்கு சிஎம்எஸ்-1696 என்ற பிரதிநிதிப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். அது ஓர் ஆண்டு செல்லும். டாக்டர் கோரிக்கை அனுப்ப இந்தப் படிவம் தேவையில்லை.

எங்கேயும் வழி தெரியாவிட்டால் உங்கள் மாநிலத்தின் ஷிப் அமைப்பை அழையுங்கள், மெடிகேர் ஆலோசனையை இலவசமாகத் தருவார்கள். கலிஃபோர்னியாவில் அதற்கு ஹைகேப் என்று பெயர். இல்லத்தின் நடத்தையிலேயே குறை இருந்தால் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் (இல்லவாசிகளின் குறைகளைக் கேட்பவர்) இருக்கிறார், அவருடைய எண்ணை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227.

வீடு திரும்பும்போது

அப்பா தேறி வீடு திரும்பினால் 'லெவல் ஆஃப் கேர் சேஞ்ச்' மறுபடி பொருந்தும். இல்லத்துக்கு நேற்று வந்த மருந்தைக் காட்டி வீட்டுப் பக்கத்துக் கடையில் இன்று மறுத்தால் அதே சொற்களைச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சீட்டுகளைக் கடைக்கு அனுப்பச் சொல்லி, கிளெய்ம் போய்விட்டதா என்று பாருங்கள். அட்டையில் மீதியிருக்கும் மாத்திரைகளைக் கொண்டுபோக முடியுமா என்பது மாநில விதியையும் டாக்டரின் ஆர்டரையும் பொறுத்தது, கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரரிடம் வசிப்பிட எண்ணை 1 என்று திருத்தச் சொல்லுங்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டில்களைப் புதுப் பட்டியலோடு ஒப்பிட்டு, நிறுத்திய மருந்துகளை அப்பா வீட்டுக்குள் நுழையும் முன்பே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.